தானியச் செறிவூட்டல்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து

விளக்கமும் வகைகளும்

தானியச் செறிவூட்டல் என்பது, ஒரு சமூகத்தார் நாள்தோறும் உண்ணும் பிரதான தானியத்தின் வாயிலாக, தேகத்துக்கு மிகச் சிறிய அளவிலேயே வேண்டப்படுவனவாயினும் அவையின்றித் தேகம் நிலைபெற இயலாதனவாகிய இரும்பு, துத்தநாகம், போலிக் அமிலம், ஏ உயிர்ச்சத்து, பி தொகுதியைச் சேர்ந்த உயிர்ச்சத்துகள் முதலியவற்றை அவர்களுக்குக் கிடைக்கச் செய்யும் முறைகளின் பொதுப்பெயராகும். இந்நுண்சத்துகளின் குறைவு பசியாகத் தோன்றுவதில்லை. வயிறு நிறைந்திருக்கும் வீட்டிலும் அது குடியிருத்தல் கூடும். பிள்ளையின் வளர்ச்சி குன்றுவதும், கர்ப்பிணியின் முகம் வெளிறுவதும், கொழுந்துக் கூடையுடன் மலையேறுபவளுக்குப் பாதிவழியிலேயே மூச்சிரைப்பதுமே அக்குறைவின் அடையாளங்கள்.

செறிவூட்டும் முறைகளை மூவகையாகப் பகுக்கலாம். தானியத்தில் இயற்கையாகவே அமைந்த சத்துகள் தீட்டுதலாலும் அரைத்தலாலும் போய்விடாமல் பக்குவத்தால் காத்தல் முதலாவது. புழுங்கலரிசி இதற்குச் சிறந்த உதாரணம். தீட்டியபின் இழந்தவற்றையும் புதியவற்றையும் ஆலையிலே கலந்து கொடுத்தல் இரண்டாவது. இரும்பு சேர்த்த கோதுமை மாவும், சத்துமணிகள் கலந்த அரிசியும் இவ்வகையின. பயிரே மண்ணிலிருந்து கூடுதலான சத்தை எடுத்து மணியிற் சேமிக்கும்படி வித்தையோ உரத்தையோ சீர்செய்தல் மூன்றாவது; இதனை உயிர்வழிச் செறிவூட்டல் என்பர்.

இலங்கையின் ஊவா மாகாணத் தலைநகராகிய பதுளையையும், அதனைச் சூழ்ந்த பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களையும் முன்வைத்து இவ்விஷயத்தின் சரித்திரத்தைக் கூறுவதற்குத் தக்க காரணம் உண்டு. இம்மலைகளில் வேரூன்றிய தமிழ்த் தொழிலாளரின் உணவு, சில தலைமுறைகளுக்குள் சிறுதானியத்திலிருந்து அரிசிக்கும், அரிசியிலிருந்து பெரும்பகுதி கோதுமை மாவுக்கும் மாறியது. அம்மாற்றங்களைச் சந்தையும் யுத்தமும் நிர்வாகமும் தீர்மானித்தன. உண்பவரை ஒருவரும் கேட்டதில்லை. செறிவூட்டலின் வெற்றியும் தோல்வியும் இந்த ஒரு செய்தியோடு நெருங்கிய தொடர்புடையன என்பதை மேல்வரும் வரலாறு காட்டும்.

கேழ்வரகிலிருந்து அரிசிக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலிற் கோப்பிக்காகவும், 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்காகவும் இலங்கை மலைகளுக்கு வந்த தொழிலாளரிற் பெரும்பாலோர் மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளின் வானம்பார்த்த பூமிகளிலிருந்து புறப்பட்டவர்கள். அங்கே சாமானியரின் அன்றாட ஆகாரம் கேழ்வரகுக் களியும், கம்பங்கூழும், வரகும், சாமையுமேயாகும்; நெல்லுச்சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியதாயிருந்தது. சத்தின் கணக்கில் பார்க்குமிடத்து, நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 344 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்க, அதே அளவு தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராமளவே உள்ளது. கம்பில் இரும்பும் அரிசியைக் காட்டிலும் மிகுதி.

தோட்டங்களில் அரிசியே அன்றாட உணவாயிற்று. ஊவாவின் சிங்களக் கிராமங்கள் தம் வயல்நெல்லையும் சேனைக் குரக்கனையும் தமக்கே விளைவித்தன. தோட்டங்களுக்கு வேண்டிய அரிசியோ பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறிக் கொழும்பில் இறங்கி மலையேற வேண்டியிருந்தது. புகையிரதப் பாதை 1894ஆம் ஆண்டில் பண்டாரவளையையும் 1924ஆம் ஆண்டில் பதுளையையும் எட்டியது. கீழே தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுசென்ற அதே பாதை மேலே அரிசி மூட்டைகளைக் கொண்டுவந்தது. தோட்ட நிர்வாகமே அரிசியை வரவழைத்து, அளந்து கொடுத்து, விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை விதித்த 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் நடைமுறையிலும், சம்பளத்தோடு அரிசியின் விலையும் சேர்த்தே எண்ணப்பட்டது. ஆகவே, இவ்வரிசியின் தரம் என்ன, அது எவ்வளவு தீட்டப்பட்டது என்ற வினாக்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைவீட்டில், சோறாக்கும் தாயின் கைக்கு எட்டாதனவாகவே இருந்தன.

புழுங்கலரிசியும் பெரிபெரி நோயும்

அக்காலத்திலேயே கிழக்காசியாவெங்கும் பெரிபெரி என்னும் நோய் பல்லாயிரம் உயிர்களைக் கவர்ந்துகொண்டிருந்தது. கால்கள் மரத்து, தேகம் வீங்கி, இருதயம் தளர்ந்து நோயாளி மரிப்பான். ஜாவாவில் 1890களில் பரிசோதனை செய்த கிறிஸ்டியான் எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் இந்நோய் போன்றதோர் அவஸ்தைக்கு உள்ளாவதையும், தவிட்டோடு கூடிய அரிசியால் அவை தேறுவதையும் கண்டார்.

இவ்வுண்மையை மனிதரிடத்தில் நிலைநாட்டுவதற்குத் துணையானது தமிழரின் புழுங்கலரிசி என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மலாயாவில் சீனத் தொழிலாளர் பச்சையாகக் குத்தித் தீட்டிய சீயத்து வெள்ளரிசியை உண்டு பெரிபெரியால் மடிய, அதே நாட்டில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் புழுங்கலரிசியை உண்டு அந்நோய்க்குப் பெரும்பாலும் தப்பியிருந்ததை லெனார்ட் பிராடன் என்னும் வைத்தியர் எடுத்துக்காட்டினார். கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் 1905ஆம் ஆண்டில் வில்லியம் பிளெச்சர் நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சீயத்து வெள்ளரிசியும் மற்றதற்கு இந்தியப் புழுங்கலரிசியும் வழங்கிப் பார்த்தபோது, பெரிபெரி முதற்பிரிவையே பற்றியது. நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால், தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தின் ஒரு பகுதி மணியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. பின்பு தீட்டினாலும் அது தவிட்டோடு முற்றும் போய்விடுவதில்லை. பெயரிடப்படுமுன்னரே நடைமுறையில் நின்ற செறிவூட்டல் இதுவேயாகும்.

தமிழகத்தின் குன்னூரில் ராபர்ட் மக்காரிசனும், 1935ஆம் ஆண்டில் அவருக்குப்பின் பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். எய்க்ராய்டும், கொழும்பில் நுண்ணுயிரியல் நிலையத்தின் பணிப்பாளராயிருந்த லூசியஸ் நிக்கல்ஸும் தென்னாசிய ஏழையரின் ஆகாரத்தை ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர்கள். நிக்கல்ஸ் எழுதிய உஷ்ணப்பிரதேசப் போஷாக்கு நூல் 1938ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிற்காலத்தில் இலங்கை மருத்துவ ஆராய்ச்சி நிலையம் தேசம் முழுவதற்கும் நடத்திய போஷாக்கு அளவீடுகள், கொழும்பில் இவ்வாறு தொடங்கிய மரபின் தொடர்ச்சியாகும்.

ஆலையிற் கலந்து கொடுக்கும் முறையை அரிசியிற் பெருமளவில் முதன்முதலாக நிறைவேற்றிக் காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ். சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாயிருந்த நெல்லூரில் 1886ஆம் ஆண்டில் பிறந்த இவர், மணிலாவிற் பணியாற்றிய இளமைக் காலத்தில் தவிட்டுச் சாறு கொடுத்த பெரிபெரிக் குழந்தைகள் உயிர்மீள்வதைக் கண்டு, தயமினைப் பிரித்தெடுப்பதிலேயே பல ஆண்டுகளைச் செலவிட்டு, 1936ஆம் ஆண்டில் அதனை இரசாயன முறையால் ஆக்கவும் வழிகண்டார். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், ஹுவான் சல்சேடோ முதலிய பிலிப்பைன்ஸ் வைத்தியரோடு சேர்ந்து, தயமின், நயாசின், இரும்பு ஆகியவை பூசப்பட்ட அரிசியை இருநூறு பங்குக்கு ஒரு பங்காகச் சாதாரண அரிசியோடு கலந்து, பட்டான் மாகாணத்தின் ஒரு பகுதியில் 1948ஆம் ஆண்டுமுதல் விநியோகித்தார். அப்பகுதியில் பெரிபெரி மரணங்கள் பெருமளவில் வீழ்ந்தன. ஆயினும், ஆயிரக்கணக்கான சிற்றாலைகள் அரிசி குத்தும் தேசத்தில் ஒவ்வோர் ஆலையும் தவறாமற் கலக்கும்படி செய்வது எளிதன்று என்ற பாடத்தையும் பிலிப்பைன்ஸே பின்னர்க் கற்பித்தது.

யுத்தமும் கோதுமை மாவும்

1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசியின் பெருவழி அடைபட்டது. பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. அரிசியின் குறையைக் கோதுமை மா நிரப்பியது. அதற்குமுன் அடுப்படியில் அதிகம் அறியப்படாத மா, யுத்தம் முடிந்தபின்னும் திரும்பிப் போகவில்லை. விடியுமுன் பிசைந்து, தட்டிச் சுட்டு, சம்பலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பிரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, போகத்தக்க ரொட்டி, நேரமும் விறகும் அருகிய தோட்ட வாழ்வுக்குப் பொருந்தியிருந்தது. சோறு இரவுக்கும், ரொட்டி காலைக்கும் பகலுக்கும் என்ற வழக்கு லயங்களில் நிலைபெற்றது.

வெண்மையாக அரைத்த மாவில், கோதுமையின் தவிட்டிலும் முளையிலும் அடங்கிய இரும்பு, துத்தநாகம், பி தொகுதி உயிர்ச்சத்துகள் ஆகியவற்றிற் பெரும்பகுதி நீங்கிவிடும். அமெரிக்காவும் பிரித்தானியாவும் இதனையுணர்ந்து யுத்த காலத்திலேயே மாவிலும் பாணிலும் சத்துகளைத் திரும்பச் சேர்க்கத் தொடங்கின. அமெரிக்காவில் 1943ஆம் ஆண்டில் அது கட்டளையாகவே பிறப்பிக்கப்பட்டது. மாவு நெடுங்காலம் கப்பலில் வந்திறங்கிய இலங்கையில், திருகோணமலையில் 1980ஆம் ஆண்டில் பெரிய மாவாலை இயங்கத் தொடங்கியபின் தேசத்தின் கோதுமை மிகச் சில ஆலைகளிலேயே அரைபடும் நிலை ஏற்பட்டது. செறிவூட்டலின் நோக்கில் இது பெருவசதி. அரிசிக்கு ஆயிரம் வாயில்கள். கோதுமை மாவுக்கோ ஒன்றிரண்டே. அவ்வாயில்களில் சத்தைச் சேர்த்தால் அப்புத்தளைத் தோட்டத்தின் கடைசி லயம்வரை அது சென்று சேரும். அயடின் சேர்த்த உப்பை 1995ஆம் ஆண்டுமுதல் தேசமெங்கும் கட்டாயமாக்கி வெற்றிகண்ட இலங்கைக்கு இவ்வழி அந்நியமானதுமன்று.

பஞ்சமும் திரிபோஷாவும்

1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறியபோது, பங்கீட்டு உணவு குறைக்கப்பட்டு மாவின் விலை உயர்த்தப்பட்டது. தமக்கென நிலமில்லாத தோட்டத் தொழிலாளருக்கு வேறு புகலிடமில்லை. மலையகத் தோட்டங்களில் பட்டினி மரணங்கள் நிகழ்ந்தன. மரணவீதம் தேசத்தின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் மிகுதியாக உயர்ந்தது. குடும்பங்கள் பல வவுனியாவையும் கிளிநொச்சியையும் நோக்கி இறங்கின. ஒரு சமூகத்தின் ஆகாரம் முழுவதும் விலைக்கு வாங்கும் ஒரே தானியத்தைச் சார்ந்திருக்குமாயின், அத்தானியத்தின் விலை அச்சமூகத்தின் ஆயுளையே அளந்துவிடும் என்பதை அக்காலம் காட்டியது.

திரிபோஷா தோன்றியது அதே 1973ஆம் ஆண்டில். கேயார் என்னும் நிவாரண ஸ்தாபனத்தின் துணையோடு அரசாங்கம் தொடங்கிய இத்திட்டம், முன்னரே பக்குவப்படுத்திய தானிய மாவோடு சோயா அவரையையும், உயிர்ச்சத்துகளையும், தாதுக்களையும் கலந்து, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறைகுறைந்த குழந்தைகளுக்கும் இலவசமாக வழங்குகின்றது. தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த கலவை, பின்னர் ஜாஎல பகுதியிலுள்ள கப்புவத்தை ஆலையில் உள்நாட்டுச் சோளத்தையும் சோயாவையும் கொண்டு ஆக்கப்பட்டது. அச்சோளத்தை விளைவிக்கும் முக்கிய மாவட்டங்களுள் ஊவா மாகாணத்தின் மொனராகலையும் ஒன்று. பதுளைத் தோட்டத்துக் கிளினிக்கில் தாய் பெறும் பொட்டலத்தில் அவளுடைய மாகாணத்து மண்ணின் விளைச்சலும் இருத்தல் கூடும் என்பது இத்திட்டத்தின் தனிச்சிறப்பு. மாவுருண்டையாகப் பிடித்துச் சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து உண்பது வீடுகளிற் பரவிய வழக்கமாதலால், சமையல் புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டிய அவசியமும் நேரவில்லை. ஆயினும், 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டு விளைச்சல் வீழ்ந்ததைத் தொடர்ந்து சோளம் கிடையாமல் உற்பத்தி தடைப்பட்டபோது, மிகவும் வேண்டியிருந்த நெருக்கடிக் காலத்திலேயே பல தாய்மார் வெறுங்கையோடு திரும்பினர். வயல் தளர்ந்தால் ஆலையும் தளரும்.

மாவில் இரும்பு: தோட்டங்களில் நடந்த ஆராய்ச்சி

தானியச் செறிவூட்டலின் உலக சரித்திரத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஒரு நிலையான இடமுண்டு. இரத்தசோகை மிகுந்தும் கோதுமை மா அன்றாட உணவாகவும் இருந்த இத்தோட்டங்களே, இரும்பு சேர்த்த மா உண்மையிற் பயன் தருமா என்பதைச் சோதிப்பதற்கு உகந்த களமென ஆராய்ச்சியாளர் கருதினர். பெனலோப்பி நெஸ்டலும் இலங்கை விஞ்ஞானிகள் சிலரும் சேர்ந்து நடத்தி, 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், கிலோவுக்கு 66 மில்லிகிராம் வீதம் இரும்புத்தூள் சேர்த்த மா தோட்ட மக்களுக்குக் கிடைக்கச் செய்யப்பட்டது. மின்பகுப்பால் ஆக்கிய தூள் ஒருவகை, ஒடுக்கிய இரும்புத்தூள் மற்றொருவகை. இரண்டு ஆண்டுகளாக உண்டபின்னும், சேர்க்காத மாவை உண்டவர்களைக் காட்டிலும் சேர்த்ததை உண்டவர்களின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு உயரவில்லை.

இம்முடிவு ஏமாற்றந் தருவதாயினும் அறிவு தருவது; பிற தேசங்களின் ஆய்வுகளோடு சேர்ந்து உலக சுகாதார ஸ்தாபனத்தின் கொள்கையையே திருத்த உதவியது. மாவின் நிறத்தையும் வாசனையையும் கெடுக்காமலும், விலை குறைவாகவும் இருக்குமென ஆலைகள் விரும்பும் உலோக இரும்புத்தூள், இரைப்பையிற் கரைவது மிகக் குறைவு. கரையாத இரும்பு குடலைக் கடந்து போகுமேயன்றி இரத்தத்திற் சேராது. கோதுமையிலுள்ள பைட்டிக் அமிலமும் இரும்பைப் பற்றி நிறுத்திவிடும். 2009ஆம் ஆண்டில் அந்த ஸ்தாபனம் வெளியிட்ட பரிந்துரை, பெரசு சல்பேற்று, பெரசு பியூமரேற்று, சோடியம் இரும்பு ஈ.டி.டி.ஏ. ஆகியவற்றை முன்வைத்து, மின்பகுப்பு இரும்பைச் சேர்ப்பதாயின் அளவை இரட்டிக்க வேண்டுமென்றும், தவிடு மிகுந்த மாவுக்கு ஈ.டி.டி.ஏ. வடிவமே தக்கதென்றும் வகுத்தது. ஈ.டி.டி.ஏ. சேர்ந்த அரிசி மாவிலிருந்து இரும்பையும் துத்தநாகத்தையும் இலங்கைப் பிள்ளைகளின் தேகம் கூடுதலாக ஏற்பதை, மஞ்சுள ஹெட்டியாராச்சியும் துணைவரும் 2004ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தனர்.

தோட்ட வாழ்க்கைக்குரிய வேறு காரணங்களும் கணக்கிற் சேர வேண்டியவை. ரொட்டியோடு தேநீரும் சேர்ந்தே பருகப்படுகின்றது. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் தானிய உணவிலுள்ள இரும்பைப் பிணைத்து, உடல் ஏற்கும் பங்கைப் பாதிக்கும் மேலாகக் குறைத்துவிடும். உணவுக்கும் தேநீருக்கும் ஏறத்தாழ ஒரு மணிநேர இடைவெளி இருப்பின் இத்தடை பெரிதும் நீங்கும். கொக்கிப்புழு மற்றொரு காரணம். 1916ஆம் ஆண்டில் ராக்பெல்லர் ஸ்தாபனம் இலங்கையில் அதற்கெதிராக இயக்கம் தொடங்கியபோதே அதன் முதன்மையான களம் தோட்டங்களாயிருந்தன. குடலிற் புழு இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கையில், மாவிற் கலக்கும் சில மில்லிகிராம் இரும்பு அவ்விழப்பை ஈடுசெய்ய மாட்டாது. மேலும், 2012ஆம் ஆண்டில் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் நடத்திய தேசிய அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 15 சதவீதத்தினரிடம் சோகை காணப்பட, அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரிடமே இரும்புக் குறைவு தெரிந்தது. சோகை யாவும் இரும்பின் குறைவன்று என்ற தெளிவின்றித் தொடங்கும் திட்டம், தான் தீர்க்காத நோயைத் தீர்த்ததாக எண்ணி மகிழும் அபாயம் உண்டு.

அரிசியில் சத்துமணிகள்

தீட்டிய அரிசியின்மேற் சத்துப்பொடியைத் தூவினால், சமைக்குமுன் களையும் நீரிலும், சோறு வடிக்கும் கஞ்சியிலும் அது போய்விடும். தோட்டத்து வீடுகளில் அரிசியைப் பலமுறை களைந்து, அரிக்கஞ்சட்டியில் அரித்துக் கல் நீக்கி, நிறைய நீரில் வேகவைத்து வடிப்பதே வழக்கம். இதற்கு ஈடுகொடுப்பதாக அண்மைத் தசாப்தங்களில் வளர்ந்த முறை பிதுக்கல் முறையாகும். குறுநொய்யை மாவாக்கி, சத்துக்கலவையைச் சேர்த்து நீராவியாற் பிசைந்து, அரிசிமணி வடிவான துளைகளின் வழியே பிதுக்கி, வெட்டி, உலர்த்துவர். இம்மணிகள் நூறு அரிசிக்கு ஒன்று என்னும் வீதத்திற் கலக்கப்படும். சத்து மணியின் உள்ளேயே பிணைந்திருப்பதாற் களைதலிலும் வடித்தலிலும் இழப்புக் குறைவு.

இந்தியாவில் இம்முறை மிகப்பெருமளவில் நடைமுறைப்படுத்தப்பட்டது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, 2024ஆம் ஆண்டு மார்ச்சுக்குள் அரசாங்க விநியோகத்து அரிசி யாவற்றையும் இரும்பு, போலிக் அமிலம், பி12 ஆகியவற்றாற் செறிவூட்டுவது இலக்காயிருந்தது. கிலோ அரிசியில் இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம்வரை இருத்தல் வேண்டும். தமிழகத்தின் முதல் முயற்சி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் நடந்தது. நியாயவிலைக் கடை அரிசியில் நிறம் மாறிய மணிகளைக் கண்டு, பிளாஸ்டிக் அரிசியென மக்கள் அஞ்சிய இடங்களும் உண்டு. எடுத்துரைக்காமல் மாற்றிய உணவு சந்தேகத்தை விளைத்தல் இயல்பே. இலங்கையில் உலக உணவுத் திட்டத்தின் துணையோடு பாடசாலை மதிய உணவின் வாயிலாக இரும்பும் போலிக் அமிலமும் சேர்த்த அரிசி அறிமுகமாயிற்று.

வித்திலேயே சத்து

ஆலையையும் கலவையையும் வேண்டாமல், விதைக்கும்போதே சத்தை வித்தில் அமைத்துவிட்டால் அறுவடைதோறும் அது தானே வரும் என்பது மூன்றாம் முறையின் அடிப்படை. 2003ஆம் ஆண்டில் ஆரம்பமான ஹார்வெஸ்ட்பிளஸ் என்னும் சர்வதேசத் திட்டத்தின் முன்னோடியான ஹோவர்ட் போவிஸ், 2016ஆம் ஆண்டில் வேறு மூவரோடு உலக உணவுப் பரிசு பெற்றார். இரும்பு மிகுந்த நெல்லொன்றை மணிலாவைச் சூழ்ந்த கன்னிமடங்களின் அருட்சகோதரிகள் ஒன்பது மாதம் உண்ட ஆராய்ச்சி, 2005ஆம் ஆண்டில் வெளிவந்து, சோகையில்லாத பெண்களின் உடலிலும் இரும்புச் சேமிப்பு உயர்வதைக் காட்டியது. துத்தநாகம் மிகுந்த முதல் நெல்லை வங்காளதேசம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்டது. இந்தியாவில் நெல்லில் டி.ஆர்.ஆர். தான் 45, கம்பில் இரும்பு மிகுந்த தனசக்தி ஆகியவை வந்தன. இங்கோ பொட்ரிகுஸ், பீட்டர் பேயர் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் அறிவித்த பொன்னரிசி, மஞ்சள் நிறக் கரோட்டீனை மணியில் ஆக்கும் மரபணு மாற்றப் பயிர். பிலிப்பைன்ஸில் 2021ஆம் ஆண்டில் கிடைத்த அனுமதி 2024ஆம் ஆண்டில் நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டது.

இலங்கையில் நெல்லின் புதிய இனங்கள் பெரும்பாலும் பத்தலகொடையிலுள்ள நெல்லாராய்ச்சி நிலையத்தினின்றும் வருகின்றன. நெடுங்காலம் அவற்றின் குறிக்கோள் விளைச்சலும் நோயெதிர்ப்புமாகவே இருந்தது. ஊவாவின் வறண்ட சேனைகளில் இன்றும் விளையும் குரக்கன், எவரும் செறிவூட்டாமலே செறிவுற்ற தானியம். தோட்ட மக்களின் முன்னோர் கேழ்வரகென்று உண்டதும் இதுவே. சோளத்திலோ, 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட ஒபேக்-2 என்னும் மரபணுவின் வழியே, புரதத்தரம் மேம்பட்ட இனங்களைச் சுரீந்தர் வசாலும் எவாஞ்சலினா வில்லேகாசும் உருவாக்கினர். மொனராகலைச் சோளமும் திரிபோஷாவும் ஏற்கெனவே பிணைந்திருப்பதால், அத்தகைய இனங்களை இங்கே பயிரிட்டுப் பார்ப்பது வீண்முயற்சியாகாது. பதுளையில் 2005ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இதற்கு இயல்பான தளமாகும்.

எச்சரிக்கைகள்

யாவர்க்கும் ஒருபடித்தாக இரும்பு கொடுத்தல் யாவர்க்கும் நன்மையாவதில்லை. தலசீமியா என்னும் பரம்பரை இரத்தநோயுடையோரின் உடலில் இரும்பு இயல்பாகவே மிகுந்து, இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கின்றது. இலங்கையில் இந்நோயாளர் சிகிச்சை பெறும் பிரதான வைத்தியசாலைகளுள் பதுளையும் ஒன்று. ஆதலின், ஊவாவில் இரும்பு சேர்த்த தானியத்தைப் பரப்புவோர் இரத்தப் பரிசோதனையையும், நோயாளருக்கு வேறு தானியம் கிடைக்கும் வழியையும் உடன் ஏற்பாடு செய்தல் வேண்டும். கர்ப்பிணிகள் கிளினிக்கில் பெறும் இரும்பு மாத்திரையின் அளவும் கணக்கிற் சேர வேண்டும். ஈரப்பதத்திற் சேமித்த சோளத்தில் தோன்றும் அஃபிளற்றொக்சின் என்னும் பூஞ்சண நஞ்சும் கவனத்துக்குரியது. குழந்தைக்கு வழங்கும் சத்துணவில் சுத்தமே முதற்சத்து.

மதிப்பீடு

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் உயரம் குன்றியோர் தேசமளவில் 17.3 சதவீதமாயிருக்க, தோட்டப் பகுதியில் 31.7 சதவீதமாயிருந்தனர். அரிசிக்குப் பின் கோதுமை, கோதுமைக்குப் பின் இரும்புத்தூள் என்று வெளியிலிருந்து வந்த ஒவ்வொன்றும் தோட்டத்து அடுப்படியை வந்தடைந்ததேயன்றி, அங்கிருந்து எழுந்ததன்று. புழுங்கலரிசி பயன் தந்தமைக்குக் காரணம் அது உண்பவரின் வழக்கத்தோடு ஒன்றியிருந்தது. திரிபோஷா ஏற்கப்பட்டமைக்கும் அதுவே காரணம். இரும்புத்தூள் தோற்றமைக்குக் காரணம், மாவின் நிறத்தைக் காத்தவர்கள் அதனோடு சேரும் தேநீரையும், குடலின் புழுவையும், உடல் ஏற்கும் திறனையும் போதிய அளவு எண்ணாமையே.

ஆதலின், ஊவாத் தோட்டங்களில் இனித் தொடங்கப்படும் எத்திட்டமும், ரொட்டியும் சோறும் எவ்வாறு சமைக்கப்படுகின்றன, எப்பொழுது உண்ணப்படுகின்றன, எதனோடு சேர்கின்றன என்பதை அச்சமைக்கும் பெண்களிடமே கேட்டறிந்து, கரையத்தக்க இரும்பைத் தெரிந்து, குடற்புழு மருந்தையும் இரத்தப் பரிசோதனையையும் உடன்சேர்த்து, ஆண்டுதோறும் மூட்டைகளை எண்ணுவதோடு நில்லாமல் பிள்ளைகளின் இரத்தத்தையும் உயரத்தையும் அளந்து, அவ்வளவுகளைத் தோட்ட மக்களுக்கே தெரிவித்து நடைபெறுதல் வேண்டும். கீரையும் பருப்பும் நெத்தலியும் முட்டையும் தினமும் வாங்கத்தக்க சம்பளமும், வீட்டுத்தோட்டம் போடச் சொந்தமானதொரு துண்டு நிலமும் இதனோடு சேர்ந்து வர வேண்டும். அவையின்றித் தானியம் ஒன்றே தேகத்தின் எல்லாத் தேவைகளையும் சுமக்க மாட்டாது. அச்சம்பளமும் நிலமும் கூடும்போதே செறிவூட்டிய தானியம் தன் முழுப் பயனையும் தரும்.